கண்ணுக்கு மடை திறந்த டாக்டர்

சென்னை எழும்பூரில் அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. உலகத்திலேயே மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் அது ஒன்று. லண்டன் மாநகரில் 1805-ம் ஆண்டில் மூர்பீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரி தொடங்கப்பட்டது. அதற்கு 14 ஆண்டுகள் கழித்து, 1819-ல், கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்கள். முதலில் அது ராயப்பேட்டையில் இருந்தது. பிறகு எழும்பூருக்கு வந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு காட்சிசாலை உண்டு. அதற்கு எலியட் என்பவரின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. அடையாற்றுக்குத் தெற்கே உள்ள எலியட்ஸ் கடற்கரை வேறு ஓர் எலியட்டின் பெயரால் வந்தது. இவர் டாக்டர் ராபர்ட் ஹென்றி எலியட். உலகத்துக் கண் வைத்தியர்கள் எல்லாம் சென்னையைத் திரும்பிப் பார்க்கும்படி செய்தவர். இவருடைய கதையைத் தெரிந்துகொண்டால், நம் வீட்டுக் கண்களுக்கும் பயன் உண்டு.

பம்பாயில் பிறந்தவர்

எலியட் 1864-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி பம்பாயில் பிறந்தார். இங்கிலாந்தில் வைத்தியப் படிப்புப் படித்தார். அறுவை வைத்தியத்தில் உயர்ந்த பட்டம் பெற்றார். இந்தியாவில் சர்க்கார் டாக்டர்களின் படையாக இருந்த இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, பிறந்த நாட்டுக்கே திரும்பி வந்தார்.

அவர் முதலில் பெயர் எடுத்தது கண் வைத்தியத்தில் அல்ல. பாம்பு விஷ ஆராய்ச்சியில்! எடின்பரோ நகரப் பேராசிரியர் சர் தாமஸ் பிரேசருடன் சேர்ந்து, கடல் பாம்பின் விஷம் உடலில் என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். பாம்புக் கடிக்கு மந்திரம், வேர், கல் என்று ஆளுக்கு ஒன்று சொன்ன காலம் அது. எலியட் யார் சொல்லையும் அப்படியே நம்பவில்லை. சோதித்துப் பார்த்த பிறகே ஒன்றை ஒப்புக்கொள்வது அவருடைய குணம்.

1904-ல் அவர் சென்னை கண் ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் ஆனார். 10 ஆண்டுகள், அதாவது 1914 வரை, அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ஊசியால் குத்தும் வைத்தியம்

அந்த நாளில் கண்புரை விழுந்தவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஊர் ஊராகச் சுற்றும் கண் குத்தும் வைத்தியர்கள் இருந்தார்கள். அவர்கள் கூரான ஊசியைக் கண்ணுக்குள் செலுத்துவார்கள். புரை விழுந்த வில்லையைக் கண்ணின் உள்ளே பின்னால் தள்ளிவிடுவார்கள். மறைத்த திரை விலகியதும் நோயாளிக்குப் பார்வை வரும். வைத்தியர் காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

சில நாளில் கண் சிவக்கும். சீழ் பிடிக்கும். சிலருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறும். முடிவில் கண் அவிந்துபோகும். அப்படிக் கெட்டுப்போன கண்களோடு எலியட்டிடம் வந்தவர்கள் ஏராளம்.

எலியட் கோபப்பட்டுப் பேசிவிட்டு நிற்கவில்லை. ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் எழுதி வைத்தார். கெட்டுப்போன கண்களை அறுத்து உள்ளே என்ன நேர்ந்தது என்று பார்த்தார். 1917-ல் லண்டனில் உள்ள அறுவை வைத்தியர்களின் ராயல் கல்லூரியில் இதைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். அதே ஆண்டு புத்தகமாகவும் வெளியிட்டார்.

ஓசை இல்லாத திருடன்

ஆனால் புரையை விடப் பெரிய எதிரி ஒன்று இருந்தது. அதன் பெயர் கண் நீர் அழுத்த நோய். ஆங்கில வைத்தியத்தில் கிளாக்கோமா என்று சொல்வார்கள்.

கிருஷ்ணகிரி அணையை நினைத்துக்கொள்ளுங்கள். தென்பெண்ணையில் தண்ணீர் வருகிறது. வருகிற தண்ணீருக்கு ஏற்ப மதகு வழியே வெளியே போகிறது. மதகு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? நீர் ஏறும். கரையை அழுத்தும்.

கண்ணும் அப்படித்தான். கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் ஊறுகிறது. இது அழும்போது வரும் கண்ணீர் அல்ல. கண்ணுக்கு உள்ளேயே இருக்கும் நீர். கருவிழியின் ஓரத்தில் சல்லடை போன்ற ஒரு வடிகால் வழியாக அது வெளியேறுகிறது. வடிகால் அடைபட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். அது பின்னால் உள்ள பார்வை நரம்பை நசுக்கும். சுமார் 10 லட்சம் இழைகள் கொண்ட நரம்பு அது. இழைகள் ஒவ்வொன்றாகச் சாகும்.

இதில் கொடுமை என்னவென்றால், பெரும்பாலானவர்களுக்கு வலி இல்லை. முதலில் பக்கப் பார்வை போகும். நேர்ப் பார்வை கடைசி வரை இருக்கும். எதிரே வருபவரின் முகம் தெரியும். பக்கத்தில் வரும் மாட்டு வண்டி தெரியாது. வயதாகிவிட்டது, தடுமாறுகிறார் என்று வீட்டார் நினைப்பார்கள். தெரிய வரும்போது பாதிக்கு மேல் போயிருக்கும்.

புரையில் இழந்த பார்வையை ஆபரேஷன் மூலம் திரும்பப் பெறலாம். இந்த நோயில் போன பார்வை போனதுதான். மிச்சம் இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும்.

2 மில்லிமீட்டர் துளை

எலியட்டுக்கு முன்பே இதற்கு வழி தேடியவர்கள் உண்டு. 1857-ல் பெர்லின் நகர டாக்டர் கிரேபே, கருவிழிப் படலத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்தார். திடீரென்று வலியோடு வரும் வகைக்கு அது நல்ல பலன் தந்தது. ஓசை இல்லாமல் வரும் வகைக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை. 1906-ல் பிரெஞ்சு டாக்டர் லக்ராஞ்சு, கண்ணின் வெள்ளைச் சுவரிலேயே ஒரு துண்டை வெட்டி வழி செய்தார். ஆனால் கத்தியால் வெட்டும்போது அளவு ஒரே மாதிரி அமைவது கடினம்.

எலியட் ஒரு சிறு கருவியை எடுத்தார். அது குழாய் போல இருக்கும். அதன் முனை வட்டமான கத்தி. அதன் அகலம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். கண்ணின் மேல் தோலை மெல்லத் தூக்கினார். வெள்ளை விழியும் கருவிழியும் சேரும் இடத்தில் கருவியை வைத்துத் திருகினார். பொட்டுப் போல ஒரு வட்டத் துண்டு வந்தது. தூக்கிய தோலை மறுபடி மூடினார். அடைபட்ட நீர் அந்தத் துளை வழியே கசிந்து தோலுக்கு அடியில் பரவியது. அழுத்தம் இறங்கியது.

அடைபட்ட மதகுக்குப் பக்கத்தில் புது மடை ஒன்றைத் திறந்து விட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்த மடை எப்போதும் ஒரே அளவு, ஒரே இடம். எந்த டாக்டரும் கற்றுக்கொண்டு செய்யலாம்.

1909-ல் எலியட் இதை உலகுக்கு அறிவித்தார். அதே சமயத்தில் ஸ்காட்லாந்தில் பெர்கஸ் என்ற டாக்டரும் இதே போன்ற முறையைச் செய்திருந்தார். ஆனால் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குச் செய்து, முறையைச் செப்பனிட்டு, நிலைநாட்டியவர் எலியட். 1913-ல் அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். எலியட் ஆபரேஷன் என்ற பெயரில் அது நாடு நாடாகப் பரவியது. 1968-ல் இங்கிலாந்து டாக்டர் கெய்ர்ன்ஸ், துளையின் மேல் பாதிக் கனத்துக்கு ஒரு மூடியை வைக்கும் முறையை வெளியிட்டார். எலியட்டின் மடையில் நீர் சில வேளை அளவுக்கு மீறி வழிந்தது. மூடிய தோல் மெலிந்து கிருமி நுழைந்ததும் உண்டு. அந்தக் குறைகளை மூடி குறைத்தது. இன்றும் அந்த முறை கையாளப்படுகிறது. அதன் அடிப்படை, எழும்பூரில் திறந்த மடைதான்.

காவேரிப்பட்டினத்திலிருந்து எழும்பூருக்கு

எலியட் இருந்த நாளில் தென்பெண்ணைக் கரையில் உள்ள காவேரிப்பட்டினம் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. அங்கே ஒருவருக்குக் கண் மங்கினால் என்ன செய்ய வேண்டும்? மாட்டு வண்டி கட்டிக் கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டும். கிருஷ்ணகிரிக்கும் திருப்பத்தூருக்கும் இடையே 1905-ல் ஒரு குட்டி ரயில் வந்தது. 1941-ல் அதை நிறுத்திவிட்டார்கள். அந்தக் குட்டி ரயிலில் திருப்பத்தூர் போய், அங்கே பெரிய ரயில் பிடித்துச் சென்னை போக வேண்டும். வழிச் செலவு, துணைக்கு ஆள், சாப்பாடு! விதைப்பும் அறுப்பும் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார்கள். இந்த நோய் அறுவடை வரை காத்திருக்காது.

இன்று அந்தத் தொல்லை இல்லை. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆயிற்று. 2022-ல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் போய்க் காட்டும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரைச் சோதித்தார்கள். 2003-ல் முடிவு வெளியாயிற்று. 100-க்கு 2 அல்லது 3 பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் 10-க்கு 9 பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது!

கயிற்று வித்தை

எலியட் 1914-ல் லண்டன் திரும்பினார். கண் நீர் அழுத்த நோயைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதினார். வெப்ப நாட்டுக் கண் நோய்களைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். லெப்டினன்ட் கர்னல் எலியட் என்று வைத்திய உலகம் அவரை மதித்தது.

அவருக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அவர் ஜாலவித்தைப் பிரியர். லண்டனில் ஜாலவித்தைக்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மாயம், மந்திரம் என்று சொல்லப்படுபவற்றை விசாரிக்கும் அதன் குழுவுக்கு எலியட் தலைவர்.

இந்தியக் கயிற்று வித்தையைப் பற்றி அப்போது மேல்நாட்டில் ஒரே பேச்சு. வித்தைக்காரர் கயிற்றை வானத்தில் வீசுவாராம். அது செங்குத்தாக நிற்குமாம். ஒரு பையன் அதில் ஏறி மாயமாய் மறைந்துபோவானாம். பார்த்தேன் என்று சொன்னவர்கள் பலர். நெருங்கி விசாரித்தால், பார்த்தவரைப் பார்த்தவராக இருப்பார்!

1934-ல் எலியட் லண்டனில் ஒரு கூட்டம் கூட்டினார். முன்பு சென்னை கவர்னராக இருந்த ஆம்ப்தில் பிரபு தலைமை தாங்கினார். திறந்த வெளியில் கயிற்று வித்தையைச் செய்து காட்டுபவருக்கு 500 கினி பரிசு என்று அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரும் பணம். பரிசை யாரும் வாங்கவில்லை.

1936-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி எலியட் காலமானார். அப்போது அவருக்கு வயது 72.

ரத்த வழியில் வரும் நோய்

ஒரே குடும்பத்தில் பலருக்கு இந்த நோய் வருவதை எலியட் காலத்து டாக்டர்களும் கவனித்திருந்தார்கள். ஏன் என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் இறந்து 60 ஆண்டுகள் கழித்துத்தான் விடை வரத் தொடங்கிற்று.

நம் உடலின் ஒவ்வொரு அணுவிலும் மரபணுக்கள் இருக்கின்றன. ஜீன் என்று சொல்வது இதைத்தான். உடலை எப்படிக் கட்ட வேண்டும் என்று எழுதி வைத்த ஏடு அது. பாதி ஏடு தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகிறது. ஏட்டில் எழுத்துப் பிழை இருந்தால், பிழையும் சேர்ந்து வரும்.

1997-ல் விஞ்ஞானிகள் மயோசிலின் என்ற மரபணுவைக் கண்டார்கள். அதில் பிழை இருந்தால் கண்ணின் வடிகால் கெடுகிறது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடம் அந்தப் பிழை இருந்தாலும், பிள்ளைக்கு அது வருவதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆனால் இந்த ஒரு பிழையால் நோய் வருபவர்கள் 100-க்கு 3, 4 பேர்தான். மற்றவர்களுக்குப் பல சிறு பிழைகள் சேர்ந்து நோயைக் கொண்டுவருகின்றன. 2021-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, அப்படிப்பட்ட இடங்கள் 120-க்கு மேல் இருப்பதாகக் காட்டியது.

சாதாரணக் குடும்பத்துக்கு இதன் பொருள் என்ன? 1998-ல் ஹாலந்து நாட்டின் ரோட்டர்டாம் நகரில் கணக்கெடுத்தார்கள். நோய் உள்ளவரின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும், வாழ்நாளில் இந்த நோய் வரும் ஆபத்து 100-க்கு 22. மற்றக் குடும்பங்களில் 100-க்கு 2 சொச்சம்தான். ஏறக்குறைய 9 மடங்கு வித்தியாசம்!

பெரிய கண் எல்லாம் அழகா?

பிறந்த குழந்தைக்கும் இந்த நோய் வருவது உண்டு. குழந்தையின் கண் சுவர் இளசாக இருப்பதால், அழுத்தம் ஏறும்போது கண்ணே பெருக்கும். என்ன அழகான பெரிய கண் என்று பார்க்க வருபவர்கள் கொஞ்சுவார்கள். தாயும் பூரித்துப்போவாள். ஆனால் குழந்தைக்குக் கண்ணில் நீர் வழியும். வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பும். கருவிழி மங்கலாகத் தெரியும். இந்த அடையாளங்களைக் கண்டால் ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாது. காலத்தில் ஆபரேஷன் செய்தால் பல குழந்தைகளின் பார்வையைக் காப்பாற்றலாம்.

இந்தக் குழந்தை நோய்க்கு முக்கியமான மரபணுவையும் 1997-ல்தான் கண்டுபிடித்தார்கள். இது வேறு வகை. தாயிடம் ஒரு பிழை, தந்தையிடம் அதே பிழை, இரண்டும் சேர்ந்தால்தான் நோய். தாயும் தந்தையும் நல்ல கண்ணோடு இருப்பார்கள். பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு நோய் வரலாம்.

கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் கலந்து வாழ்கின்றன. அக்காள் மகளைக் கட்டுவதும், மாமன் மகளைக் கட்டுவதும் மூன்று மொழிக்காரர்களிடமும் உள்ள பழக்கம். ஒரே பாட்டியின் ஏட்டில் இருந்த பிழை, மகன் வழியிலும் மகள் வழியிலும் இறங்கி, அப்படிப்பட்ட திருமணத்தில் மறுபடி ஒன்று சேரலாம். மேல்நாடுகளில் சுமார் 10,000 குழந்தைகளுக்கு ஒன்று இந்த நோயோடு பிறக்கிறது. பக்கத்து ஆந்திரத்தில் 3,300 குழந்தைகளுக்கு ஒன்று என்று கணக்கிட்டார்கள். சொந்தத்தில் கட்டிய எல்லாருக்கும் இப்படி ஆகும் என்பது இல்லை. முதல் குழந்தைக்கு இந்த நோய் இருந்தால், அடுத்த குழந்தை பிறந்த உடனே கண் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். வீட்டில் இந்த நோய் உண்டு என்றால், மறுபடியும் சொந்தத்திலேயே பெண் எடுப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

கண்ணும் மறதியும்

எலியட் பிறந்த அதே 1864-ல் ஜெர்மனியில் இன்னொரு டாக்டர் பிறந்தார். அவர் பெயர் அலாய்ஸ் அல்சைமர். நினைவு கலைந்து இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையை அவர் சோதித்தார். மூளையில் படிந்த கறைகளையும் முறுக்கிய நூல்களையும் கண்டார். 1906-ல் அதை டாக்டர்கள் கூட்டத்தில் சொன்னார். முதுமை மறதி நோய்களில் மிக அதிகமாக வருவது அவர் பெயரால் வழங்கும் நோய்தான்.

எலியட் பார்த்தது கண். அல்சைமர் பார்த்தது மூளை. இரண்டுக்கும் உறவு உண்டா என்று இன்றைய விஞ்ஞானிகள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. கர்ப்பத்தில் மூளையிலிருந்து முளைத்து வருவதுதான் பார்வை நரம்பு. இரண்டிலும் செத்த நரம்பு மறுபடி முளைப்பதில்லை.

2002-ல் ஆப்டினூரின் என்ற மரபணுவும், 2011-ல் டி.பி.கே.1 என்ற மரபணுவும் தெரியவந்தன. கண்ணில் அழுத்தம் ஏறாமலே பார்வை நரம்பு சாகும் ஒரு வகை நோய் உண்டு. அப்படிப்பட்ட சில குடும்பங்களில் இந்த மரபணுக்களில் கோளாறு இருந்தது. பிறகு ஓர் அதிசயம்! 2010-ல் ஆப்டினூரினும், 2015-ல் டி.பி.கே.1-ம், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நரம்பு நோயில் அகப்பட்டன. டி.பி.கே.1 கெட்டால், குணமும் பேச்சும் மாறும் ஒருவகை மறதி நோயும் வருவது தெரிந்தது.

அப்படியானால் கண் நோய் உள்ளவருக்கெல்லாம் மறதி நோய் வருமா? வரும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஏடு ஒன்றுதான், பிழை வேறு. டி.பி.கே.1 இரட்டித்து அதிகமானால் கண் நோய். அதே மரபணு வேலை செய்யாமல் போனால் மறதி நோய். அதுவும் மிகச் சில குடும்பங்களில் மட்டுமே. தைவான் நாட்டில் நடந்த சில ஆராய்ச்சிகளில், கண் நீர் அழுத்த நோயாளிகளிடம் மறதி நோய் சற்று அதிகமாகக் காணப்பட்டது. வேறு ஆராய்ச்சிகளில் அப்படிக் காணப்படவில்லை. வெளிச்சத்தில் செய்து காட்டாத வித்தையை எலியட் ஒப்புக்கொள்ளவில்லை அல்லவா? இந்தப் பேச்சையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒன்று உறுதிப்பட்டு வருகிறது. கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு, மறதி நோய்க்கு இடம் கொடுக்கும் காரணங்களில் ஒன்று என்று 2024-ல் உலக நிபுணர் குழு ஒன்று சேர்த்திருக்கிறது. கண் தெரியாதவர் திண்ணையை விட்டு இறங்குவதில்லை. நாலு பேருடன் பழகுவதில்லை. மூளைக்கு வேலை குறைகிறது. கண்ணைக் காப்பது அறிவையும் காப்பதாகும்.

வீட்டார் செய்ய வேண்டியது

40 வயது ஆனதும் ஒரு முறை கண்ணின் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதிக்க வேண்டும். குடும்பத்தில் நோய் இருந்தால் அதற்கு முன்பே பார்க்க வேண்டும். கடையில் தானாக வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும். டாக்டர் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது.

நோய்க்குச் சொட்டு மருந்து கொடுத்திருந்தால், கண் நன்றாகத்தானே தெரிகிறது என்று நிறுத்தக் கூடாது. மறதி உள்ள பெரியவருக்கு மருந்து போட்டதும் நினைவிராது, போடாததும் நினைவிராது. அவருக்கு மகனோ மருமகளோ பேரனோ நேரம் தவறாமல் போட்டுவிட வேண்டும்.

எலியட் திறந்த மடை, தன்னைத் தேடி வந்தவர்களின் பார்வையைத்தான் காத்தது. வராதவர்களுக்கு அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. காவேரிப்பட்டினத்தில் ஒருவருக்கு இந்த நோய் என்று டாக்டர் சொன்னால், வீட்டுக்கு வந்து வருந்திக்கொண்டிருப்பதால் பயன் இல்லை. அடுத்த நாள் கிருஷ்ணகிரி பஸ்ஸில் அவருடைய அண்ணன் தம்பியும் அக்காள் தங்கையும் பிள்ளைகளும் ஏற வேண்டும்.